வெளியே பூட்டு, உள்ளே ஆள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். கோழிக் கம்பெனிக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் சாவியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இடுப்பில் வீட்டுக்காரருடைய பழைய தோல் பெல்ட், அதில் கொத்துக் கொத்தாகச் சாவிகள். அவள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். வகுப்பில் அட்டகாசம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும் பரம சாதுக்களாகிவிடுவார்கள்.

பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் ஆயா. பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, சண்டை போட்டால் பிரித்து உட்கார வைப்பது எல்லாம் அவள் பாடு. பகலில் வகுப்பறைகளைக் கூட்டுவதும் அவள்தான். இதற்கெல்லாம் சம்பளம் உண்டு. சாவி வேலைக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவளும் கேட்டதில்லை. காலையில் பஸ் லைன் வீட்டு முனையில் வந்து நிற்கும். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போவார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவள் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பிள்ளையை வெளியே இழுத்து, கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டு, சாவியை பெல்ட்டில் மாட்டிவிடுவாள். உள்ளே அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இருவருமோ, அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். சாயங்காலம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது அவளே திறந்துவிடுவாள்.

ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டுவதா என்று கேட்கிறவர்கள், ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கோழி வெட்டியதில்லை. நகரத்துக்காரர்களுக்கு விடிந்ததும் புதுக் கறி வேண்டும். அதற்காக உரித்து, வெட்டி, கழுவி, ஐஸ் போட்டு, விடிவதற்குள் லாரியில் ஏற்றியாக வேண்டும். ஆகவே கம்பெனியில் ராத்திரிதான் வேலை மும்முரம். பகலில்தான் தூக்கம். ஆனால் பகலில் உலகம் யாரைத் தூங்கவிட்டது? பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் தட்டுவான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் தட்டுவான். அடுத்த வீட்டில் தீப்பெட்டி இல்லையென்று தட்டுவார்கள். தட்டுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தூங்குகிறவனுக்கு அது ஒரு ஆறுதலா?

அவளும் வீட்டுக்காரரும் இங்கே வந்த புதிதில் அவர் வெட்டும் மெஷினில் நின்றார். ஒருநாள் பகல் முழுக்க ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டினார்கள். அன்று ராத்திரி நின்றபடியே கண் சொக்கிப்போய், வலது கையில் இரண்டு விரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? வேலை நேரத்தில் தூங்கியது அவருடைய குற்றமாம். ஏதோ போனால் போகிறதென்று பெட்டி கழுவும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்களாம். அந்தப் போனால் போகிறதுக்கு அவர் வெகுகாலம் தலைகுனிந்து நடந்தார். சாவியக்கா தலைகுனியவில்லை. காயம் ஆறி அவர் மறுபடி வேலைக்குப் போன மறுநாள், கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தாள். பூட்டியிருக்கும் கதவை யார் தட்டுவார்கள்?

ஒரு வாரம் பார்த்தார்கள் அக்கம்பக்கத்தார். அந்த வீட்டு மனிதர் மட்டும் முகம் தெளிந்து வேலைக்கு வருகிறார். "அக்கா, எங்க வீட்டையும் ஒரு பூட்டுப் போட்டுட்டுப் போயிடேன்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அப்புறம் வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் ஒரு கட்டுப்பாடே வந்துவிட்டது. பகலில் யார் தட்டினாலும் உள்ளேயிருந்து குரல் கொடுக்கக் கூடாது. எவ்வளவு தட்டினாலும் சரி.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஒவ்வோர் அறைக்கும் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கம்பி கிடையாது. கம்பி போடவும் கம்பெனிக்கு மனசு வரவில்லை, அந்தக் கஞ்சத்தனத்தால் ஒரு நன்மை. எல்லா ஜன்னல் வழியாகவும் ஒருமுறை அவளே இறங்கிப் பார்த்தாள். கடைசி வீட்டு ஜன்னலில் இடுப்பு மாட்டிக்கொண்டு, உள்ளே பாதி வெளியே பாதியாகத் தொங்கினாள். லைன் முழுக்கச் சிரித்துவிட்டுத்தான் இழுத்து எடுத்தார்கள். அடுத்த நாளே தச்சரைக் கூட்டிவந்து சட்டத்தை அகலப்படுத்தினாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அவள் பூட்டிய கதவுக்குப் பின்னால் தூங்கிய ஒருவரையும் அவள் அதுவரை எழுப்பியதில்லை.

இனி ஊரைப் பற்றி. ஊர் என்றால் மேட்டுத் தெரு. லைன் வீடுகளை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. மேட்டுத் தெருவில் வரிசையாக நல்ல வீடுகள், வர்ணம் பூசிய கேட்டுகள், பூந்தொட்டிகள். ஆட்கள்தான் இல்லை. படித்தவர்கள் நகரத்துக்குப் போனார்கள், நகரத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போனார்கள், வயதானவர்களையும் பின்னால் கூப்பிட்டுக்கொண்டார்கள். தெரு முழுக்கச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரே ஒரு தோட்டக்காரர். இருட்டினால் வாசல் விளக்குகள் தாமாகவே எரியும். யாருக்காக எரிகின்றன என்று கேட்கக் கூடாது.

ஊரில் காசு புழங்குவதெல்லாம் லைன்காரர்களால். அரிசிக் கடையும் செருப்புக் கடையும் மருந்துக் கடையும் கம்பெனி சம்பளம் போடும் நாளைப் பார்த்துத்தான் கல்லாவைத் திறக்கின்றன. பள்ளிக்கூடமும் அப்படித்தான் பிழைத்தது. லைன் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் இல்லாமல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். லைனில் பிறந்த பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அப்படியிருந்தும் இவர்கள் "வந்தவங்க". சாவியக்கா வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த அவள் மகளும் வந்தவள்தான். பிறந்ததிலிருந்து இந்த ஊரைத் தாண்டாத பெண் எங்கிருந்து வந்தாளாம்?

மகள் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேறெங்கோ சில பள்ளிகளில் இல்லாத பிள்ளைகளை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்களாம். ஆகவே இனிமேல் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது பேச்சில்லை, அவர்களில் எத்தனை பேர் அந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு அதற்கேற்ப வகுப்புகள் வைப்பார்களாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டு இளைஞர்கள் ஜீப்பில் வந்தார்கள், கையில் ஆளுக்கொரு டேப்லெட். வந்தது பதினொரு மணி வெயிலில். முதலில் மேட்டுத் தெரு. வர்ணம் பூசிய கேட்டு, ஈரமான பூந்தொட்டி, கூட்டிப் பெருக்கிய வாசல். ஆள் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். தோட்டக்காரர் விசுவாசமான மனிதர். முதலாளி வீட்டில் யாருமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இதோ வந்துவிடுவார்கள் என்றார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் பிறந்து இந்த மண்ணை மிதிக்காத பேரப்பிள்ளைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொன்னார். அவர்கள் பாடு சுலபமாகிவிட்டது.

அப்புறம் லைன். எல்லாக் கதவிலும் பூட்டு. பகல் வேலைக்குப் போனவர்கள் வீட்டிலும் பூட்டு, ராத்திரி வேலை முடிந்து தூங்குகிறவர்கள் வீட்டிலும் பூட்டு. தட்டிப் பார்த்தார்கள், பாவம், அதைக்கூடச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்தவர்கள் கட்டுப்பாட்டை மீறவில்லை. புரண்டு படுத்தார்கள். இளைஞர்கள் பூட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போய்க் கேட்டார்கள். கம்பெனி சூப்பர்வைசர் வெளியே வந்து, பளிச்சென்று சிரித்து, அதெல்லாம் பழைய ஸ்டோர் ரூம் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சாமான் வைக்கும் அறை என்று சொல்லித்தான் கம்பெனி அந்த லைனைக் கட்டியிருந்தது. ஆள் குடியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் குடிதண்ணீர்க் குழாய் போட வேண்டும், போதுமான கக்கூஸ் கட்ட வேண்டும், வீட்டு வரி கட்ட வேண்டும். இத்தனை பேரையும் ஒரே வார்த்தையில் மூட்டை முடிச்சாக மாற்றிவிட்டால் அந்தச் செலவெல்லாம் மிச்சம்.

முடிவு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது தலைமையாசிரியை ஆடிப்போய்விட்டார். மேட்டுத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எங்கும் குடியிருக்கவில்லை. ஆகவே முதல் கட்டமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் மூடப்படும், வேண்டுமானால் டவுன் பள்ளிக்குப் போகலாம். யாருமில்லாத லைனுக்கு பஸ் எதற்கு, அதுவும் கிடையாது. இல்லாத பிள்ளைகளை எழுதி வைத்ததற்குத் தலைமையாசிரியை விளக்கம் தர வேண்டும். வரும் புதன்கிழமை அதிகாரி நேரில் வருவார்.

சாவியக்கா அப்போது பக்கத்து அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "லைன்ல எல்லாக் கதவும் பூட்டியிருந்துச்சாம், யாருமே இல்லையாம்" என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் சாவியக்காவின் இடுப்பில் போய் நின்றது. சாவியக்கா கொத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தூங்கட்டும் என்று தான் போட்ட பூட்டு, தன் மகளுடைய வகுப்புக்கே போட்ட பூட்டாகிவிட்டதா?

டவுனுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். லைனில் எந்த வீட்டிலும் பெண்பிள்ளையை அப்படி அனுப்ப மாட்டார்கள், அவளும் அனுப்ப மாட்டாள். அனுப்பாவிட்டால் அடுத்தது என்னவென்று லைனில் எல்லோருக்கும் தெரியும். இறகு பிடுங்கும் மேஜை. முந்தின மாதம்தான் சூப்பர்வைசர் அவள் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயரமா வளந்துட்டாளே, வீட்ல சும்மா இருந்தா அனுப்பு" என்று சொல்லியிருந்தார். அப்போது அவள், மகள் சும்மா இல்லை, படிக்கிறாள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். இனி அதைச் சொல்ல முடியாது.

முதலில் பள்ளிக் குழுத் தலைவரிடம் போனாள். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், பங்க் ஐயா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டுப் பிள்ளைகள் டவுனில் பணம் கட்டிப் படிக்கிறார்கள், இருந்தாலும் இந்தப் பள்ளிக்குத் தலைவர். உட்காரச் சொன்னார், விசிறியைத் திருப்பிவிட்டார், ரொம்பவும் வருத்தப்பட்டார். எல்லாம் செய்துவிட்டுக் கையைக் கழுவினார். கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது, அவர்களுடைய லாரிகளெல்லாம் இங்கேதான் டீசல் போடுகின்றன என்பதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் எழுந்து வரும்போது, நீங்களெல்லாம் இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கப் போகிறீர்கள் என்று அன்பாக வேறு கேட்டார். அந்த அன்புதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

அடுத்து சூப்பர்வைசர். அவரிடம் அவள் கெஞ்சவில்லை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார். அன்று ராத்திரி வேலை ஆரம்பிக்கும்போது கம்பெனிக்குள் ஒரு பேச்சு பரவியது. லைனில் குடியிருப்பதாக யாராவது வாயைத் திறந்தால், ஸ்டோர் ரூமில் ஆளுக்கு என்ன வேலை என்று கம்பெனி அறைகளைக் காலி செய்துவிடும். யார் சொன்னதென்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். தலைமையாசிரியை அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார், பக்கத்தில் பங்க் ஐயா. அதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை, வெயிலில் வந்த களைப்பு, வழுக்கையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்திருந்தது. தலைமையாசிரியை வகுப்புக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளைக் காட்டினார். பிள்ளைகளைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். ஆனால் இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எந்த வட்டாரத்துப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்? லைன் என்கிறீர்கள், அங்கேதான் யாருமில்லையே, பூட்டைப் படம் எடுத்து வந்திருக்கிறார்களே. இந்த இடத்துக்கே வந்து வந்து நின்றது பேச்சு. பங்க் ஐயா மேஜையிலிருந்த குண்டூசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

சாவியக்கா விளக்குமாற்றை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பெல்ட்டை அவிழ்த்தாள். அத்தனை சாவியோடும் அதை அப்படியே அதிகாரி முன்னால் மேஜையில் போட்டாள்.

"அந்தப் பூட்டெல்லாம் நான் போட்டது சார். உள்ள ஆள் இருக்காங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. அவள் விவரமாகச் சொன்னாள், ராத்திரி வேலையை, பகல் தூக்கத்தை, வீட்டுக்காரருடைய விரலை. கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் மாறியது. எந்தப் பக்கம் மாறியது என்கிறீர்கள்? மனிதர்களை உள்ளே வைத்துப் பூட்டுவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று அவள் மேலேயே பாய்ந்தார். பங்க் ஐயாவும் அப்போதுதான் வாயைத் திறந்தார், ஆபத்து ஆபத்து, உயிர் விஷயம் என்றார். லைனில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தபோது இந்த உயிர் விஷயம் எங்கே போயிருந்தது? சாவியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குற்றம் என்றால் தண்டனை கொடுங்கள், ஆனால் குற்றம் நடந்த இடத்தை வந்து பாருங்கள் என்றாள். அதிகாரி எழுந்தார், அவள் பெல்ட்டை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

லைனுக்குப் போய்ச் சேரும்போது சூப்பர்வைசர் அங்கே பைக்கில் சாய்ந்து நின்றார். பங்க் ஐயாவின் போன் அவ்வளவு வேகம். உச்சி வெயில். இரண்டு வரிசைக் கதவுகளும் சாத்திக் கிடந்தன, கொடியில் காய்ந்த துணிகளைத் தவிர ஓர் அசைவு இல்லை. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். துணிகளைப் பார்த்தார், வாசலில் கிடந்த சின்னச் செருப்புகளைப் பார்த்தார். இங்கே யாருமில்லை என்று எழுத அந்த இளைஞர்களுக்குக் கண் எங்கே போயிற்று?

சாவியக்கா முதல் வீட்டுப் பூட்டில் சாவியை வைத்தாள். ஒருநாளும் செய்யாத காரியம். உள்ளே படுத்திருந்தவன் கம்பெனியில் கொக்கியில் கோழி தொங்கவிடுகிற இளைஞன், நாலாம் வகுப்புப் பையனின் அப்பா. தோளைத் தொட்டு எழுப்பினாள். அவன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சட்டையைத் தேடினான். "மன்னிச்சுக்கப்பா, கொஞ்சம் வெளிய வா" என்றாள். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

இங்கேயா குடியிருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பைக்கைப் பார்த்தான்.

"இல்லங்க. சும்மா கொஞ்சம் படுக்கலாம்னு வந்தேன்."

அதிகாரி அட்டையில் வைத்திருந்த தாளில் எழுதினார். இரண்டாவது வீட்டில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் இருந்தார்கள். சொந்தக்காரர் வீடு டவுனில் இருக்கிறது, இங்கே ஓய்வுக்கு வருவோம் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த அறையில்தான் இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்தவள் சாவியக்கா. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீடு. எல்லோரும் தூக்கக் கலக்கத்திலும் பொய்யை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை.

சாவியக்காவுக்கு அவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அறை போய்விட்டால் இந்தப் பிள்ளை குட்டிகளோடு எங்கே போவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியாமல் அடுத்த பூட்டுக்கு நடந்தாள். ஆறாவது அவள் வீடு.

அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே விழித்திருந்தார். கதவு திறக்கும் சத்தம் வரிசையாக நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குறைவான மனிதர். விரல் போனதிலிருந்து இன்னும் குறைவு. வாசலுக்கு வந்து நின்றார். இவரும் பைக்கைப் பார்த்தார். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

சாவியக்கா வீட்டுக்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இந்த மனுஷனும் இல்லையென்று சொல்லிவிட்டால் தன்னால் இனி ஒரு வாய்ச் சோறுகூட இவருக்குப் போட முடியாது என்று நினைத்தாள். சொன்னால் குற்றம் சொல்லவும் முடியாது என்றும் நினைத்தாள். கொடியில் துணி படபடத்தது.

"சூப்பர்வைசர் சார்" என்றார் அவர். கேட்ட அதிகாரியை விட்டுவிட்டு அவரிடம்தான் பேசினார். குரல் உயரவே இல்லை. "போன வாரம் லோடு அதிகம், ஆள் பத்தலைன்னு சாயங்காலம் நீங்களே வந்தீங்க. இதே வாசல்ல நின்னு என்னைக் கூப்பிட்டீங்க. எதிர்வீட்டுல கூப்பிட்டீங்க. வரிசையா எல்லாரையும் கூப்பிட்டீங்க. ஸ்டோர் ரூம்ல யாரைங்க கூப்பிட்டீங்க?"

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார். சிரிப்பைத் தேடினார் மனிதர், அகப்படவில்லை. அவசரத்துக்கு வந்து பார்த்தேன், யாரோ இருந்தார்கள், என்று என்னவோ மென்று விழுங்கினார்.

"எழுதிக்குங்க சார்" என்றார் வீட்டுக்காரர். "நாங்க மூணு பேர். நான், இவ, எங்க பொண்ணு. பொண்ணு ஏழாவது படிக்குது. இங்கதான் பொறந்துச்சு."

அதிகாரி எழுதினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதல் வீட்டு இளைஞன், சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல், தயங்கித் தயங்கி வந்து அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் அந்தப் புருஷன் பெண்சாதி. தாங்கள் சொன்னது வேறு, இருப்பது வேறு என்றார்கள். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, முதல் ஐந்து வீடும் ஏற்கெனவே எழுதியாயிற்று, எழுதியதை இனி மாற்ற முடியாது என்றார். வெயிலும் ஏறிவிட்டதாம்.

சாவியக்கா போய் அவருக்கு எதிரில் நின்றாள்.

"அடிச்சிட்டு எழுதுங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. பேனாவை எடுத்து மேலிருந்து ஐந்து வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு முதல் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, எத்தனை பேர் என்று மறுபடி கேட்க ஆரம்பித்தார்.

ஆறும் ஏழும் எட்டும் மூடப்படவில்லை. லைனைக் காலி செய்யவும் கம்பெனிக்குத் தைரியம் வரவில்லை, அத்தனை பேர் எழுத்தில் ஏறிய பிறகு அது அவ்வளவு சுலபமில்லை. குழாய் மட்டும் இன்னும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த தாளில் மேட்டுத் தெருவை நிரந்தரக் குடியிருப்பு என்றும் லைனைத் தற்காலிகக் குடியிருப்பு என்றும் போட்டிருக்கிறார்கள், அந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல? சாவியக்காவின் மகள் எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்காரரைப் பெட்டி கழுவும் இடத்திலிருந்து எடுத்துக் கோழிக் கழிவு அள்ளும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்றம் போகக் குளிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆகிறது, மகள் பஸ் ஏறும்போது அவர் இன்னும் படுத்திருப்பதில்லை. அவள் ஏறுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர் உள்ளே போன பிறகுதான் சாவியக்கா அந்தக் கதவைப் பூட்டுகிறாள்.